கெசாரே வைத்த குழாய்

தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பார்க்கப் போனவள், பிரசவ வார்டுக்குள் நுழையாமல் மருத்துவமனையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் துணி சுற்றிய கஞ்சிக் குடுவை, இன்னொரு கையில் பையோடு ஐந்து முட்டை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். துணி வெளுக்கும் அறையின் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு கனத்த குழாய் வானத்தைப் பார்த்து நின்றது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர் வெளியே வந்தார்.

"யாரும்மா வேணும் உங்களுக்கு?"

"யாரும் வேணாம். இந்தக் குழாய யாரு வச்சது?"

"தெரியலியே. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு."

"வச்சவன் கை நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் கெசாரே குழந்தையைப் பார்க்கப் போனாள்.

ரியாபோரே என்ற அவள் மலையூரில் கைவேலை தெரிந்த எல்லாருமே ஃபுண்டிதான். கட்டில் செய்கிறவர் ஃபுண்டி, வானொலிப் பெட்டி பழுது பார்க்கிறவர் ஃபுண்டி, செருப்புத் தைக்கிறவரும் ஃபுண்டி. ஆனால் தேயிலை ஆலை வாசலில் நின்று வெறுமனே "ஃபுண்டி எங்க?" என்று கேட்டால், காவல்காரர் கெசாரே மோமான்யியைத்தான் காட்டுவார். வயது நாற்பத்தேழு. மூத்த மகன் பெயரைச் சேர்த்து 'ஹெஸ்பான் அம்மா' என்றும் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள். ஃபுண்டி என்றால் கொஞ்சம் வேகமாகத் திரும்புவாள்.

நல்ல உயரம், ஒல்லி. பாவாடைக்கு மேலேயே ஆண்கள் போடும் காக்கி அங்கி. அதன் இடது பையில் ஒரு வட்டக் கண்ணாடி, சவரம் செய்துகொள்ள வைத்திருப்பார்களே அது மாதிரி. அவள் அதில் முகம் பார்த்து யாரும் கண்டதில்லை. எந்தக் குழாயின் வாய்க்கும் நேராக அவள் முகத்தைக் கொண்டுபோக மாட்டாள். ஓரமாக நின்று கண்ணாடியை நீட்டி உள்ளே பார்ப்பாள். குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா, குருவி புல்லைத் திணித்திருக்கிறதா என்று. வருஷக்கணக்கில் எதுவுமே வராத குழாயானாலும் அப்படித்தான்.

"பத்து வருஷமா ஒண்ணும் வரலன்னா என்ன அர்த்தம்? இன்னிக்கு வராதுன்னா அர்த்தம்?" என்பாள்.

வீட்டில் தேநீர் கெட்டில் கொதிக்கும்போதுகூட அதன் மூக்கு சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் கணவர் நாஃப்தல் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்போது அவரே திருப்பி வைக்கிறார். அவள் முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. ஆலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பாய்லர் வேலையில பட்டதா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். "இல்ல, மாமியார் வீட்டு டீ" என்பாள். அதற்கு மேல் அந்தக் கதை வளராது.

யாராவது பாராட்டினால் கூசி நெளிகிற வழக்கம் அவளிடம் கிடையாது. "ஃபுண்டி, பிரமாதமா பண்ணிருக்கீங்க" என்றால், அந்த வேலையை இன்னொரு தரம் தலைசாய்த்துப் பார்ப்பாள். பிறகு, "ஆமா, நல்லாத்தான் பண்ணிருக்கேன்" என்பாள். நன்றாக இல்லாவிட்டால் அதையும் அவளே சொல்வாள். போன வருஷம் விருந்தினர் விடுதிக் குளியலறையில் தான் வைத்த குழாயைப் பார்க்கவே பிடிக்காமல், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒருநாள் யாரும் கேட்காமலே போய்ப் பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தாள்.

பற்றவைக்கும்போது தேவாலயப் பாட்டு பாடுவாள். குரல் சுருதியில் நிற்காது. கொதிகலன் அறையில் விறகு தள்ளும் மகோரி, "அக்கா, தீப்பொறிகூடத் தாங்கிக்கலாம்" என்று காதைப் பொத்திக்கொள்வான். மகோரி பருத்த ஆள், இருபது வருஷமாக அந்தக் கொதிகலனோடு இருப்பவன், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். அவன் ஓடி அவள் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அது போன மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

அப்போது அவள் ஆலையில் நிரந்தர வேலைக்காரி இல்லை. கூப்பிட்டால் வருவாள், முடிந்தால் போவாள். அன்று கூப்பிட்டது இலை வாங்கும் கொட்டகையில் கை கழுவும் குழாய் வைக்க. பக்கத்து மலைமுகடுகளில் இருக்கிறவர்கள் தங்கள் இலையை நேராக ஆலைக்கே சுமந்து வந்து அந்தக் கொட்டகையில் வரிசை நின்று நிறுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். கொட்டகை கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அந்த இடம் சும்மா கிடந்த புல்வெளி. கொதிகலன் அறையின் பின்சுவரையே கொட்டகையின் ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டியிருந்தார்கள்.

அந்தச் சுவரில், நெஞ்சு உயரத்தில், ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் புத்தம் புதிய இரும்பு மூடி. ஒரு பெண் அதில் தன் குடையை மாட்டியிருந்தாள்.

"இது என்ன குழாய்?" என்று கெசாரே எடைக் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"அதுவா? நாள் பூரா வெந்நி சொட்டிட்டே இருந்துச்சு. மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. போன வாரம் ஒரு மூடி வாங்கி இறுக்கிட்டோம். இப்பப் பாருங்க, ஒரு சொட்டு இல்ல."

"வெந்நியா?"

"ஆமா. நல்ல சூடு. பொம்பளைங்க கையக்கூட காட்டிக்கிட்டாங்க, காலையில குளிருக்கு."

குழாய் எங்கே தொடங்குகிறது என்று மற்றவர்கள் கேட்பார்கள். எங்கே முடிகிறது என்பதுதான் கெசாரேயின் கேள்வி. அன்று அவள் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு நடந்தாள். சுவரைச் சுற்றிக்கொண்டு கொதிகலன் அறைக்குள் போனாள். சுவரின் அந்தப் பக்கத்தில் குழாயைக் கண்ணால் பிடித்து, அது போன வழியே பார்வையை ஓட்டினாள். கம்பி கட்டித் தொங்கவிட்ட நீளக் குழாய், ஒரு முழங்கை வளைவு, இன்னொரு முழங்கை வளைவு, மூன்று அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலமாகச் சுருக்கிய ஓர் இணைப்பு, அதற்கு மேலே கொதிகலனின் தலையில் உட்கார்ந்திருந்த சேஃப்டி வால்வு. அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட்டு எல்லாரையும் காப்பாற்ற வேண்டிய வால்வு. அதன் ஒரே வாய்க்குத்தான் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

மகோரி விறகுக் கட்டை ஒன்றைக் கையில் எடுத்திருந்தான்.

"மகோரி, அதக் கீழ வை."

"என்னக்கா?"

"சேஃப்டி வால்வோட குழாய் வெளியில மூடிக் கிடக்கு. மூடி போட்டு இறுக்கிருக்காங்க. ஒரு வாரமா."

அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வால்வைப் பார்த்தான். "சொட்டுறது நின்னுடுச்சேன்னு நான் சந்தோஷப்பட்டேனே" என்றான். கட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். நீளக் கொக்கியை எடுத்து வந்து எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துத் தள்ளத் தொடங்கினான்.  

நெருப்பு போனது, ஆவி போனது, உலர்த்திகள் நின்றன. மாடியில் வாடப் போட்டிருந்த இலை அப்படியே கிடந்தது. கால் மணி நேரத்தில் மேலாளர் ஒன்சோங்கோ வந்துவிட்டார். படித்தவர், குரல் உயர்த்தாதவர். அன்று உயர்த்தினார்.

"யாரக் கேட்டு பாய்லர நிறுத்துனீங்க? மேல எவ்வளவு இலை கெடக்கு தெரியுமா? கை கழுவுற குழாய் வைக்கத்தானே உங்களக் கூப்பிட்டது?"

"கை கழுவுற ஆளுங்க உசுரோட இருக்கணும்ல சார்."

"கேலி பண்ணாதீங்க ஃபுண்டி."

"கேலி இல்ல. கொஞ்சம் ஆறட்டும் சார். ஆறுனதும் ஒண்ணு காட்டுறேன்."

நான்கு மணி நேரம் ஆயிற்று ஆற. அழுத்தக் கடிகாரத்தின் முள் பூஜ்யத்தில் படுத்த பிறகு அவள் குழாயின் வாய்க்குப் பக்கவாட்டில் நின்று மூடியைத் திருகி எடுத்தாள். தேங்கி நின்ற வெந்நீர் குபுக்கென்று ஒரு வாளி அளவுக்குக் கொட்டியது. மூடியைக் கொண்டுபோய் மேலாளரின் மேஜைமேல், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன?" என்றார்.

அவள் சொன்னாள். ஒன்சோங்கோ பொறியியல் படித்தவர். அவருக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடியைக் கையில் எடுத்தார், புரட்டிப் பார்த்தார், வைத்தார். கோப்பையைத் தொடவில்லை.

"சரி. மூடிய எடுத்தாச்சு. பாய்லர ஏத்தலாமா?"

"ஏத்தலாம் சார். ஆனா இன்னும் பாதிதான் சரியாயிருக்கு. வால்வு தெறந்தா ஆவி இப்ப எங்க போவும்? நேரா வரிசையில நிக்கிறவங்க நெஞ்சுக்கு. குழாய வேற சுருக்கி வச்சிருக்கு. மொத்த பாரமும் வால்வு கழுத்துல தொங்குது. பிடுங்கிட்டு, பெருசா ஒண்ணு கூரைக்கு மேல ஏத்தணும். சொட்டுற வால்வையும் கழட்டித் தேய்க்கணும். ஒன்றரை நாள் பாய்லர் சில்லுனு கெடக்கணும்."

"இந்த வாரமா? மழைக்கு இலை கொட்டுது. என்னால முடியாது." சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். "சனிக்கிழமை. அன்னிக்கு இலை வராது. வெள்ளி சாயந்திரம் நிறுத்துறேன், ஞாயிறு காலையில எனக்கு ஆவி வேணும்."

"அதுவரைக்கும் அந்தக் கொட்டகையில ஒருத்தரும் நிக்கக் கூடாது சார்."

"அத நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார் ஒன்சோங்கோ.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள் அவள் வேறு வேலைக்குப் போகவில்லை. சுவரோரம் முழுக்க விறகை அடுக்கி, கொட்டகையின் மூன்று பக்கமும் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். வரிசை வெளியே, திறந்த வெளியில் நின்றது. அந்த மலையில் மே மாதத்தில் மதியம் மூன்று மணிக்கு மழை வரும். யாரும் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. வந்தது. கூரை இருக்கிறது, அதன் கீழே இடம் இருக்கிறது, ஆனால் அறுபது எழுபது பெண்கள் முதுகில் கூடையோடு மழையில் நின்றார்கள்.

நியாத்திச்சி என்று ஒருத்தி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாக்கால் ஆளை உரித்து உப்புத் தடவிவிடுவாள். அன்று முதலில் வாயைத் திறந்ததும் அவள்தான்.

"ஏய் ஹெஸ்பான் அம்மா! கொட்டகைய உனக்குச் சீதனமா குடுத்துட்டாங்களாடி?"

"இல்லக்கா. அந்தக் குழாயில இருந்து ஆவி வந்தா வெந்து போயிருவீங்க."

"வருதா இப்ப?"

"இப்ப வரல."

"நேத்து வந்துச்சா?"

"இல்ல."

"ஒரு வருஷமா நாங்க இங்கதான நிக்கிறோம், என்னிக்காவது வந்துச்சா?"

கெசாரேயிடம் பதில் இருந்தது. ஆனால் மழையில் நனைகிறவர்களிடம் சொல்கிற பதிலாக அது இல்லை. "வரிசை இந்தப் பக்கம் வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவளும் நனைந்துகொண்டுதான் நின்றாள். கயிற்றுக்கு உள்ளே போய் நின்றால் நனையாமல் இருக்கலாம். ஒரு தரம்கூடப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா நியாத்திச்சியின் இலையைக் கையில் அள்ளிப் பிழிந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். தண்ணீர் சொட்டுகிற இலையை ஆலை எடுக்காது. காலை ஏழு மணியிலிருந்து கிள்ளிய இலை. நியாத்திச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவ்வளவையும் கெசாரேயின் காலடியில் கவிழ்த்தாள். கணுக்கால் வரை பச்சை.

"எடுத்துக்க. உன் குழாய்க்குக் குழம்பு வச்சு ஊட்டு."

வரிசை முழுக்கச் சிரித்தது. கெசாரே இலைக்குள்ளிருந்து காலை எடுத்தாள். கீழே குனிந்து பார்க்கவில்லை. அன்று மாலை நெருப்பை அணைக்கும் வரை வால்வு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. மூன்று நாளும் சும்மாவே கிடந்தது. வீட்டுக்கு நடந்து போகும்போது, 'ஒரே ஒரு தரம் சீறிக் காட்டியிருக்கக் கூடாதா' என்று நினைத்தாள். நினைத்த உடனே தன்மேலேயே வெறுப்பு வந்தது. அப்படிச் சீறியிருந்தால், கயிற்றுக்கு உள்ளே ஒளிந்து மழைக்கு ஒதுங்கிய ஒருத்தியாவது இருந்திருக்க மாட்டாளா? வீட்டில் நாஃப்தலிடம் இதைச் சொன்னாள். அவர் ஒரு பெரிய உருண்டை உகாலிக் களியை அவள் தட்டில் வைத்து, "சாப்பிடு. நாளைக்குக் கனம் தூக்கணும்ல" என்றார்.

சனிக்கிழமை அவர்கள் சபைக்கு ஓய்வுநாள். பிறந்ததிலிருந்து ஒரு சனிக்கிழமையும் அவள் கருவியைத் தொட்டதில்லை. காலையில் தேவாலய வாசலில் போதகரிடம் போய் நின்று, "பாய்லர் இன்னிக்கு மட்டுந்தான் ஆறுது ஐயா" என்றாள்.

"போயிட்டு வாம்மா. நாங்க ஜெபம் பண்றோம்."

"பண்ணுங்க. கூடவே ரெண்டு ஆளயும் அனுப்புங்க. நாலு அங்குலக் குழாய், ரொம்பக் கனம்."

மூன்று பேர் வந்தார்கள். அதில் போதகரும் ஒருவர், ஆராதனைக்குப் போட்ட பளபளக்கும் காலணியோடு.

அந்த ஒன்றரை நாளில் அவள் செய்த வேலையை இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவாள். பழைய குழாயை வால்வின் கழுத்திலிருந்து அறுத்து இறக்கினாள். வால்வின் வாய் என்ன அகலமோ அதே அகலத்தில் ஒரு முழங்கை, அதன் தலையில் ஒரு வடிதட்டு. வடிதட்டுக்குள் தொட்டும் தொடாமலும் இறங்கி நிற்கும் நாலு அங்குலக் குழாய். அது வால்வின் மேல் உட்காரவில்லை. கூரைச் சட்டத்தில் இரும்புக் கை வைத்து அதில் தொங்குகிறது. ஆவி பாய்ந்து குழாய் சூட்டில் நீண்டாலும் வால்வை அழுத்தாது. எங்கும் சுருக்கம் இல்லை, நடுவில் திறந்து மூடுகிற எதுவும் இல்லை. கூரைக்கு மேலே ஆள் உயரத்துக்கும் அதிகமாகப் போய், மனிதக் கால் படாத உயரத்தில் முடிகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் வடிதட்டில் விழுந்து ஒரு சின்னக் குழாய் வழியாகத் தரைக் கால்வாய்க்குப் போகும். அந்தச் சின்னக் குழாயின் முனையை மகோரி விறகு தள்ள நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே விட்டாள், வால்வு கசிந்தால் அவன் கண்ணில் முதலில் படட்டும் என்று.

"சொட்டு நமக்கு எதிரி இல்ல மகோரி. வால்வுக்கு உடம்பு சரியில்லன்னு வந்து சொல்லுது. அதப் போயி வாய மூடிட்டாங்க."

ஒன்சோங்கோ ஏணியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மழைக்கு ஒரு மூடி மாதிரி ஏதாவது வைக்கலாமே ஃபுண்டி? முனையில மரை போட்டு வச்சா பின்னாடி உதவும்" என்றார்.

"மரை இருந்தா ஒருநாள் எவனாவது மூடி வாங்கிட்டு வருவான் சார்" என்றாள். கூரைமேல் குதிரையேறியதுபோல் உட்கார்ந்து, குழாயின் முனையைச் சாய்வாக அறுத்தாள். கொய்யாக் கிளையைக் கத்தியால் வெட்டியது போல் ஆயிற்று. இனி அந்த வாயில் எந்த மூடியும் பொருந்தாது. பழைய குழாய் போன சுவர் ஓட்டையை அவளே செங்கல் வைத்து அடைத்துச் சிமெண்டு பூசினாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மகோரி நெருப்பு வைத்தான்.

அடுத்த மாதம் அரசாங்கக் கொதிகலன் ஆய்வாளர் வந்தார். வால்வைப் பார்த்தார், வடிதட்டைப் பார்த்தார், கூரையேறிப் பார்த்தார். இறங்கி வந்து, "யாரு வரைஞ்சு குடுத்தது?" என்றார்.

"நான்தான்."

"வரைபடம் இருக்கா?"

கொதிகலன் அறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் தான் போட்டிருந்த படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தாளில் ஏதோ எழுதினார். படித்துக் காட்டச் சொன்னாள்.

"'திருப்தி'ன்னு எழுதிருக்கேன்."

"அவ்வளவுதானா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் வேறு எதுவும் சேர்த்து எழுதவில்லை. அன்று முழுக்க அவளுக்கு அது ஒரு குறைதான். அதற்கடுத்த வாரம் ஒன்சோங்கோ அவளை ஆலையின் நிரந்தர ஃபுண்டியாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் வரிசையில் நிற்கிற பெண்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. அவர்களைப் பொறுத்தவரை ஹெஸ்பான் அம்மா மூன்று நாள் காரணமில்லாமல் மழையில் நிற்க வைத்தவள். மறுபடி கொட்டகைக்குள் வந்து நின்றார்கள், ஒருவரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கடந்து போனால், "குடையப் பிடிங்கடி, ஃபுண்டி வர்றா" என்று நியாத்திச்சியின் குரல் கேட்கும். சந்தையில் கீரை வாங்கும்போதும் கேட்கும். தேவாலயத்தில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவில்கூட ஒரு தரம் கேட்டது. நாஃப்தல், "நானாவது போயி எடுத்துச் சொல்லவா?" என்றார். "என்னன்னு சொல்லுவீங்க? நடக்காத ஒண்ண எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள். 

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். வானம் வெளுத்திருந்தது. கொட்டகை நிறைய வரிசை. கெசாரே வாசல் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவையை மாற்றிக்கொண்டிருந்தாள். மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. உலர்த்திகளின் காற்றாடிகள் ஓய்ந்தன. ஆவியை வாங்கிக்கொள்ள இப்போது ஆள் இல்லை. ஆனால் மகோரி சற்று முன்புதான் அடுப்பு நிறைய விறகு தள்ளியிருந்தான், அது கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. விறகுக்கு மின்சாரம் போனது தெரியாது. கொக்கியை எடுத்துக்கொண்டு அவன் வேகவேகமாக இழுக்கத் தொடங்குவதற்குள் முள் ஏறிவிட்டது.

வால்வு திறந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எதிர்மலையில் இலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கூரைக்கு மேலே வெள்ளைத் தூண் ஒன்று நேராக எழும்பி, வானத்தைக் குத்தி, உச்சியில் விரிந்து, காற்றில் கலைந்தது. கலையக் கலையப் புதிதாக எழுந்தது. கொட்டகையில் யாரோ ஒருத்தி வீறிட்டாள், சிலர் குந்தி உட்கார்ந்தார்கள், சிலர் வெளியே எட்டிப் பார்த்தார்கள். கொட்டகைக்குள் ஓர் இலைகூட அசையவில்லை. மூட்டைகள் காய்ந்தபடியே இருந்தன. ஆலை முழுக்க அண்ணாந்து அந்தத் தூணைப் பார்த்தது.

கெசாரே மட்டும் மேலே பார்க்கவில்லை. தொட்டியை விட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் வந்து நின்று வரிசையைப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஒன்றரை நிமிஷம். பிறகு வால்வு தானே மூடிக்கொண்டது. காதுக்குள் ஒரு பெரிய அமைதி.

நியாத்திச்சி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். சுவரில் அவளுக்கு நேர் எதிரே, அவள் நெஞ்சு உயரத்தில், ஒரு தட்டு அகலத்துக்குப் புதுச் சிமெண்டு தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். தன் மார்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"அங்க நின்னு என்னடி முணுமுணுக்கிற?"

"எண்றேன்க்கா."

"என்னத்த எண்ற?"

"உங்களத்தான். நிக்கிற எல்லாரையும்."

"எத்தன பேரு?"

"அறுபத்து மூணு."

நியாத்திச்சியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னையும் சேத்தா?"

"உங்கள்ல இருந்துதான் ஆரம்பிச்சேன்."

  நியாத்திச்சி மடியில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து, மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். இரண்டாகப் பிட்டாள். இரண்டு பாதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பெரிய பாதியை நீட்டினாள்.

கெசாரே கையிலிருந்த அழுக்கை அங்கியில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். அறுபத்து மூன்று பேர் பார்க்க, வரிசையின் நடுவே நிமிர்ந்து நடந்து போய், அதை வாங்கிக்கொண்டாள்.